மறைமாவட்டம்

ஓர் ஆயரின் பொறுப்பிலுள்ள பகுதியே மறைமாவட்டம். பழைய கத்தோலிக்க நூல்களில் இதற்கு ‘மேற்றிராசனம்’ என்று பெயர். ஆயரைக் குறித்த மேற்றிராணியார் என்ற சொல்லோடு ஆசனம் சேர்ந்தது. ஒருவர் அமரும் இருக்கையே ஒரு நிலப்பரப்பின் பெயராயிற்று. பின்வந்த மறைமாவட்டம் மண்ணையும் மக்களையும் முன்னே வைக்கிறது. எனக்கு இந்த மாற்றம் பிடிக்கும்.

மறை என்றால் மறைந்திருப்பது; பிறகு வேதம்; கிறிஸ்தவத் தமிழில் சமயம். மா வட்டம், பெரிய வட்டம். ஜில்லாவின் இடத்தைப் பிடித்த அரசுச் சொல் அது. திருச்சபை ஆட்சித்துறையிடம் சொல் வாங்குவது புதிதல்ல. மறைமாவட்டத்தை ஆங்கிலத்தில் குறிக்கும் டயோசீஸ் என்பதும் கிரேக்கத்தில் வீட்டு நிர்வாகத்தைச் சுட்டிப் பிறந்து, ரோமப் பேரரசின் ஆட்சிப் பிரிவாகி, அதன்பின் திருச்சபைக்கு வந்ததுதான்.

ஆனால் அரசு மாவட்டம், மறைமாவட்டம் இரண்டின் எல்லைகளும் ஒன்றாக நகர்வதில்லை. சேலம் மறைமாவட்டம் 1930-இல் உருவானது. தர்மபுரி 1965-இலேயே தனி வருவாய் மாவட்டமாகிவிட்டது. தனி மறைமாவட்டமாக 1997 ஜனவரி வரை காத்திருந்தது. அதே மாதம் நாமக்கல் தனி மாவட்டமானது. திருச்சபையிலோ நாமக்கல் இன்றும் சேலத்தோடுதான்.

மறைமாவட்டத்தை எங்கே பிரிப்பது, அதற்குள் எந்த ஊரைப் புதுப் பங்காக்குவது என்று திட்டமிடுவோர் வரைபடத்தோடு நிறுத்திவிடக் கூடாது. பங்குப் பேரவையிலும், தெருவளவில் கூடும் அன்பியங்களிலும் உட்கார்ந்து கேட்க வேண்டும். ஞாயிறு பூசைக்கு எந்தப் பேருந்தில் வருகிறார்கள் என்பது அங்கே தெரியும்.