பெந்தெகொஸ்தே இயக்கமும் திருமறைப் பள்ளியும்: ஒரு வரலாற்று நோக்கு

பெந்தெகொஸ்தே சபையினர் இறையியற் கல்வியை வெறுப்பவர்கள் என்னும் எண்ணம் நம்மிடையே வேரூன்றியிருக்கிறது. ஆண்டுக்கணக்கில் எபிரேயமும் கிரேக்கமும் பயின்று குருப்பட்டம் பெற்ற ஆயர் ஒருவர், அடுத்த தெருவில் ஓலைக் கொட்டகையில் ஜெபக்கூட்டம் நடத்தும் போதகரைப் பார்த்து, “அவருக்கு ஆர்வம் உண்டு, அறிவில்லை” என்று எண்ணுகிறார். அந்தப் போதகரோ நம் ஆயரைக் குறித்து, “அவருக்குப் படிப்பு உண்டு, அபிஷேகம் இல்லை” என்று தம் சபையாரிடம் கூறுகிறார். இவ்விரு தீர்ப்புகளும் ஒரே அடிப்படையின்மேல் நிற்கின்றன. கல்வியும் ஆவியானவரின் செயலும் ஒன்றையொன்று விலக்குவன என்பதே அது.

வரலாறு இதற்குச் சான்று பகர்கிறதா? இருபதாம் நூற்றாண்டுப் பெந்தெகொஸ்தே இயக்கத்தின் தொடக்க நாட்களைத் தேடிச் செல்வோர் முதலில் வந்து நிற்கும் இடங்களுள் ஒன்று ஒரு திருமறைப் பள்ளியின் வகுப்பறையாகும். அப்பள்ளிகளில் திருமறை எவ்வாறு கற்பிக்கப்பட்டது, ஊழியத்துக்கு ஆட்கள் எவ்வாறு ஆயத்தம் செய்யப்பட்டனர், யார் உள்ளே அமர்ந்தனர், யார் வெளியே நிறுத்தப்பட்டனர் என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. டொபீக்கா: ஒரே பாடநூல்

சார்லஸ் பார்ஹம் (1873–1929) மெதடிஸ்டு சபையில் பிரசங்கியாராகப் பணியாற்றி, 1895இல் அதைவிட்டு வெளியேறியவர். பரிசுத்த வாழ்வை வலியுறுத்திய இயக்கத்தின் தாக்கம் பெற்ற அவர், 1900ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில், அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்திலுள்ள டொபீக்கா நகரில், பெத்தேல் திருமறைக் கல்லூரியைத் தொடங்கினார். பணம் போதாமையால் உட்புற வேலை முற்றுப்பெறாமல் நின்றுபோன ஒரு பெரிய மாளிகை அவருக்கு வாடகைக்குக் கிடைத்தது. கட்டியவரின் பெயரால் அதை ‘ஸ்டோனின் மடமை’ என ஊரார் ஏளனமாக அழைத்தனர். அங்கே ஏறத்தாழ 40 பேர் கூடினர். அவர்களுள் பலர் ஏற்கெனவே ஊழியத்தில் ஈடுபட்டிருந்தவர்கள். கல்விக் கட்டணம் இல்லை. விசுவாசத்தினால் கிடைத்ததை அனைவரும் பகிர்ந்துண்டனர்.

பாடநூல் திருமறை ஒன்றே. ஆயினும், திருமறையை வரிசையாக வாசித்து மனப்பாடம் செய்யும் முறை அங்கே கையாளப்படவில்லை. மனந்திரும்புதல், பரிசுத்தமாகுதல், நோய் நீக்கம் எனத் தலைப்பு ஒன்றை எடுத்துக்கொண்டு, அதைக் குறித்த வசனங்களை ஆதியாகமம் முதல் வெளிப்படுத்தின விசேஷம் வரை தொகுத்து, அவற்றிலிருந்து முடிவு காண மாணவர் பழக்கப்பட்டனர். 1900 டிசம்பர் இறுதியில், ஆவியின் அபிஷேகத்துக்குத் திருமறை தரும் அடையாளம் யாது என்னும் வினாவைப் பார்ஹம் அவர்கள்முன் வைத்துவிட்டு வெளியூர்க் கூட்டங்களுக்குச் சென்றார். மாணவர் அப்போஸ்தலருடைய நடபடிகளை ஆராய்ந்து, அந்நிய பாஷையே அடையாளம் என்னும் முடிவுக்கு வந்தனர் என்றும், 1901 ஜனவரி 1ஆம் நாள் ஆக்னஸ் ஓஸ்மன் என்னும் மாணவி அந்நிய பாஷை பேசினார் என்றும் பார்ஹமின் வரலாறு கூறுகிறது.

இவ்விடத்தில் வரலாற்று மாணவர் சற்று நிதானிக்க வேண்டும். ஓஸ்மன் பிற்காலத்தில் எழுதிய நினைவுகள் பார்ஹமின் கூற்றோடு முற்றிலும் பொருந்தவில்லை. அனுபவம் தமக்கு முதலில் வந்தது என்றும், அதன் பொருள் பின்னரே விளங்கியது என்றும் அவர் உணர்த்துகிறார். ஆய்விலிருந்து அனுபவம் பிறந்ததா, அனுபவத்திலிருந்து ஆய்வு பிறந்ததா? நற்செய்தி நூல்களின் ஒருமை வேற்றுமைகளை ஆராயப் பழகியவர்களுக்கு இக்கேள்வி புதிதன்று. இரண்டு சாட்சிகளுமே உண்மையுள்ளவர்களாயிருக்கலாம். கோட்பாடு உறுதிப்பட்ட பின்பு, நிகழ்ச்சிகளின் வரிசை அதற்கேற்ப நினைவில் ஒழுங்குபட்டிருக்கலாம்.

மாணவர் ஆராய்ந்த பகுதிகளிலும் ஒரு சிக்கல் உண்டு. நடபடிகள் 2, 10, 19 ஆகிய அதிகாரங்களில் அந்நிய பாஷை வெளிப்படையாகக் கூறப்படுகிறது. சமாரியரைக் குறித்த 8ஆம் அதிகாரத்திலும், பவுலின் மனமாற்றத்தைக் கூறும் 9ஆம் அதிகாரத்திலும் அது கூறப்படவில்லை. வரலாற்று நூல் ஒன்று விவரிப்பதை எல்லாக் காலத்துக்குமான நியதியாகக் கொள்ளலாமா என்னும் கேள்வியைப் பிற்காலத்தில் கூர்மையாக எழுப்பியவர்களுள் ஒருவர் கார்டன் ஃபீ (1934–2022). புதிய ஏற்பாட்டு அறிஞரான அவர் பெந்தெகொஸ்தே ஆயர் பட்டம் பெற்றவர் என்பது குறிப்பிடத்தக்கது. டொபீக்கா வகுப்பறையில் எழுந்த வினாவைப் பெந்தெகொஸ்தே மரபே தொடர்ந்து ஆராய்ந்து வந்திருக்கிறது.

2. ஹூஸ்டன்: கதவுக்கு வெளியே ஒரு மாணவர்

டொபீக்காப் பள்ளி 1901ஆம் ஆண்டிலேயே மூடப்பட்டது. சில ஆண்டுகளுக்குப் பின், டெக்ஸஸ் மாநிலத்தின் ஹூஸ்டன் நகரில் பார்ஹம் மீண்டும் ஒரு குறுகிய காலப் பள்ளியை நடத்தினார். 1906ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அதில் சேர விரும்பி வந்தவர் வில்லியம் சீமோர் (1870–1922). லூயிசியானாவில், அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட கறுப்பினப் பெற்றோருக்குப் பிறந்தவர். லூசி ஃபாரோ என்னும் கறுப்பின ஊழியக்காரியே அவரை இப்பள்ளிக்கு வழிப்படுத்தினார்.

கறுப்பரும் வெள்ளையரும் ஒரே வகுப்பில் அமர்வதை டெக்ஸஸின் சட்டமும் வழக்கமும் தடுத்தன. பார்ஹம் அதை மீறவில்லை. சீமோர் வகுப்பறைக்கு வெளியே, திறந்து வைக்கப்பட்ட கதவருகே அமர்ந்து பாடங்களைக் கேட்டார். ஆவியானவர் மாம்சமான யாவர்மேலும் ஊற்றப்படுவார் என்னும் யோவேலின் தீர்க்கதரிசனத்தைப் போதித்த பள்ளியில், அதைக் கேட்க வந்தவருக்கு உள்ளே இடமில்லை. நம் நாட்டில், ஒரே ஆலயத்தில் ஒரு சாதியார் ஓரிடத்திலும் மற்றொரு சாதியார் வேறிடத்திலும் அமர்ந்து ஒரே அப்பத்தில் பங்குகொண்ட வரலாற்றை அறிந்த நாம், இதை அயலார் கதையாக வாசித்துக் கடந்துவிட இயலாது.

அதே ஆண்டு பிப்ரவரியில் சீமோர் லாஸ் ஏஞ்சல்ஸ் சென்றார். அவரை அழைத்த சிறு சபையே அவருடைய போதனையை ஏற்க மறுத்து, ஆலயக் கதவைப் பூட்டியது. வீடுகளில் நடந்த ஜெபக்கூட்டங்களிலிருந்து ஏப்ரல் மாதத்தில் எழுந்த எழுப்புதல், அசூசா தெரு 312ஆம் எண்ணுள்ள பழைய கட்டடத்தில் ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் தொடர்ந்தது. அங்கே கறுப்பரும் வெள்ளையரும் பிற இனத்தவரும் ஒன்றாக முழங்காற்படியிட்டனர். அவ்வாண்டு அக்டோபரில் அங்கு வந்த பார்ஹம், தம் மாணவரின் ஊழியத்தைக் கண்டு மகிழவில்லை. அங்கு நிலவிய உணர்ச்சிப் பெருக்கையும் இனக் கலப்பையும் கண்டித்தார். கதவுக்கு வெளியே அமர்ந்து கேட்டவர், உள்ளிருந்து போதித்தவரைக் காட்டிலும் ஆழமாக அப்பாடத்தைக் கற்றிருந்தார்.

மற்றொரு படிப்பினையும் இக்காலத்துக்கு உரியது. அந்நிய பாஷை என்பது உலகின் உண்மையான மொழிகளே என்றும், அதனால் அருட்பணியாளர் மொழி கற்கத் தேவையில்லை என்றும் பார்ஹம் போதித்தார். அசூசாவில் அபிஷேகம் பெற்ற ஆல்ஃபிரட் கார் இந்நம்பிக்கையோடு இந்தியாவுக்கு வந்து, 1907இல் கல்கத்தாவில் ஊழியம் செய்தார். தாம் பேசியதை வங்காளிகள் புரிந்துகொள்ளவில்லை என்பதை அவர் விரைவில் உணர்ந்தார். ஆயினும் அவர் தம் அனுபவத்தை மறுதலிக்கவில்லை. அந்நிய பாஷை ஜெபத்துக்கும் துதிக்கும் உரிய வரம் என்று தம் விளக்கத்தைத் திருத்திக்கொண்டார். மொழி கற்கும் உழைப்பு மீண்டும் அருட்பணியாளரின் கடமையாயிற்று.

3. முக்தி: கல்வியும் ஆவியும் இணைந்த இடம்

அசூசாவுக்கு முன்னரே, 1905ஆம் ஆண்டில், புனேயை அடுத்த கேட்காவில் பண்டித ரமாபாய் (1858–1922) நடத்திய முக்தி இல்லத்தில் பெரும் எழுப்புதல் உண்டாயிற்று. பஞ்சத்திலிருந்தும் கைம்மைத் துயரிலிருந்தும் மீட்கப்பட்ட பெண்களும் சிறுமியரும் வாழ்ந்த கல்விச்சாலை அது. கண்ணீரோடு பாவ அறிக்கை செய்த பெண்கள் குழுக்களாகப் பிரிந்து, சுற்றியிருந்த கிராமங்களுக்கு நற்செய்தி கூறச் சென்றனர். சிலர் அந்நிய பாஷைகளிலும் பேசினர். ரமாபாய் அதை ஒரு வரமாக ஏற்றுக்கொண்டார். ஆனால், அபிஷேகத்தின் ஒரே அடையாளமாக வலியுறுத்தவில்லை. அங்குப் பணியாற்றிய மின்னி ஏப்ராம்ஸ் எழுதிய சிறுநூல் தென் அமெரிக்காவின் சிலி நாட்டை எட்டி, 1909இல் அங்கு எழுந்த பெந்தெகொஸ்தே எழுப்புதலுக்குத் தூண்டுகோலாயிற்று. ஆகவே, பெந்தெகொஸ்தே இயக்கம் அமெரிக்காவிலிருந்து இந்தியாவுக்கு இறக்குமதியான சரக்கு என்று கூறுவது வரலாற்றுக்கு ஒவ்வாது.

இதே ரமாபாய்தான் எபிரேயமும் கிரேக்கமும் கற்று, எளிய பெண்களுக்கும் விளங்கும் மராத்தியில் திருமறை முழுவதையும் மொழிபெயர்த்தார். முக்தியின் பெண்களே அச்சுக்கோத்து அதை அச்சிட்டனர். ஆவியின் எழுச்சியும் மூலமொழிப் புலமையும் ஒரே கூரையின்கீழ் வாழ முடியும் என்பதற்கு இதைவிடச் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

4. பள்ளிகள் நிலைபெறுதல்

ஆண்டவரின் வருகை மிக அண்மையில் என்று நம்பிய தலைமுறைக்கு நீண்ட காலப் படிப்பு வீண் தாமதமாகத் தோன்றியது. இறையியற் கல்லூரிகளில் பரவிய புதுமைக் கொள்கைகளைக் குறித்த அச்சமும் இருந்தது. எனினும், பயிற்சியில்லா ஊழியத்தின் இடர்களை அவர்கள் விரைவிலேயே கண்டனர். 1914 ஏப்ரலில் ஹாட் ஸ்பிரிங்ஸ் நகரில் அசெம்பிளீஸ் ஆஃப் காட் அமைப்பு உருவானபோது, அக்கூட்டத்தைக் கூட்டியதற்குக் கூறப்பட்ட காரணங்களுள் திருமறைப் பள்ளியின் தேவையும் ஒன்று. டென்னசியின் கிளீவ்லாந்தில் சர்ச் ஆஃப் காட் சபையார் 1918 ஜனவரி முதல் நாளில் 12 மாணவரோடு ஒரு பள்ளியைத் தொடங்கினர். அதன் முதல் ஆசிரியர் நோரா சேம்பர்ஸ் என்னும் பெண்மணி. 1922இல் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் மத்திய திருமறைப் பள்ளி, ஆலயம் ஒன்றின் நிலவறையில் தொடங்கியது.

இப்பள்ளிகள் தங்கள் பாடத்திட்டத்தைப் புதிதாகப் படைக்கவில்லை. மூடி பள்ளி, நயாக் பள்ளி போன்ற முன்னோடிகளிலிருந்து பெற்றுக்கொண்டன. யுகங்களாகத் திருமறையைப் பகுக்கும் முறையும், 1909இல் வெளிவந்த ஸ்கோஃபீல்டு விளக்கத் திருமறையும் அவர்களிடையே செல்வாக்குப் பெற்றன. அம்முறையைக் கற்பித்தோரில் பலர், அற்புத வரங்கள் அப்போஸ்தலர் காலத்தோடு முடிந்தன என்று கொண்டவர்கள். இவ்வாறு, தன் அனுபவத்தை மறுக்கும் ஒரு சட்டகத்துக்குள் தன் அனுபவத்தை விளக்க முயன்ற இக்கட்டு அவ்வகுப்பறைகளில் நிலவியது. மேலைநாட்டுத் தத்துவச் சட்டகங்களுக்குள் நம் மக்களின் விசுவாசத்தை அடைக்க முயலும் நமக்கும் இத்தகைய இக்கட்டு உண்டன்றோ?

5. தென்னிந்தியாவில்

1927இல் ஜான் பர்ஜஸ் கேரளத்தின் மாவேலிக்கரையில் பெத்தேல் திருமறைப் பள்ளியைத் தொடங்கினார். பின்னர் அது புனலூருக்கு மாற்றப்பட்டது. அயல்நாட்டு ஊழியரின் ஆளுகைக்கு உட்படாத சபையை நாடிய கே. ஈ. ஆபிரகாம் (1899–1974), 1930இல் கும்பநாட்டில் எபிரோன் திருமறைப் பள்ளியை நிறுவினார். யார் கற்பிப்பது, யாருடைய பணத்தில், யாருக்குக் கணக்கொப்புவித்து என்னும் கேள்விகள் சபையின் தன்னுரிமையோடு பிணைந்தவை என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

இதற்கு நேர்மாறான வழியொன்றையும் தமிழுலகம் அறியும். 1920களில் இலங்கையில் பாஸ்டர் பால் தொடங்கிய சிலோன் பெந்தெகொஸ்தே மிஷன், பள்ளிகளை நாடாமல், ‘விசுவாச வீடு’களில் மூத்த ஊழியரோடு கூடி வாழும் வாழ்க்கையையே பயிற்சியாக்கியது. மணமின்றி, சொந்த உடைமையின்றி, ஜெபத்திலும் வீட்டு வேலையிலும் கீழ்ப்படிதலிலும் ஊழியர் உருவாக்கப்பட்டனர். இதன் குறைகளை எடுத்துரைத்தல் எளிது. ஆனால், ஊழியப் பயிற்சி என்பது வாழ்க்கைப் பயிற்சி என்னும் அதன் உண்மையைப் புறக்கணிப்பது அறிவுடைமையாகாது.

பிற்காலத்தில் நிகழ்ந்த ஒரு மாற்றமும் கவனத்துக்குரியது. 1970இல் மணக்காலாவில் தொடங்கிய பெந்தெகொஸ்தே இறையியற் கல்லூரி செராம்பூர் செனட்டுடன் இணைந்தது. நம் மாணவர் எழுதும் தேர்வுகளையே அவர்களும் எழுதும் நிலை உருவாயிற்று.

6. நமக்குரிய வினாக்கள்

இவ்வரலாறு ஆயர்களாகிய நம்மிடமும், ஆயத்தமாகும் மாணவரிடமும் மூன்று வினாக்களை எழுப்புகிறது.

முதலாவது, நாம் திருமறையிடம் எதை எதிர்பார்த்து அதைத் திறக்கிறோம்? டொபீக்கா மாணவரின் முறையில் குறை காணலாம். ஆனால், கண்டறிவது தங்கள் வாழ்வை மாற்றும் என்னும் எதிர்பார்ப்போடு அவர்கள் ஆராய்ந்தனர். மூல பாடத்தின் வேறுபாடுகளைத் தேர்வுக்காக மட்டும் கற்று, ஞாயிறு அருளுரைக்கு வேறொரு நூலைத் தேடும் பழக்கம் நம்மிடம் உண்டெனில், குறை நம் திறனாய்வு முறையில் அன்று, நம் எதிர்பார்ப்பின்மையில்தான் உள்ளது.

இரண்டாவது, தவறு தெரிந்தபோது திருத்திக்கொள்ளும் பணிவு நம்மிடம் உண்டா? கல்கத்தாவில் ஆல்ஃபிரட் கார் அனுபவத்தையும் விட்டுவிடவில்லை, உண்மையையும் மறைக்கவில்லை. இறையியற் கல்வியின் சாரம் இதுவே எனலாம்.

மூன்றாவதே மிகக் கடினமானது. நம் வகுப்பறைக் கதவுக்கு வெளியே அமர்ந்திருப்பவர் யார்? கல்வித் தகுதி போதாதென்று திருப்பி அனுப்பப்பட்ட கிராம உபதேசியார், குருப்பட்டத்துக்கு இடமின்றி நெடுங்காலம் காத்திருந்த பெண்கள், சாதியின் பெயரால் உள்ளே அமர்ந்தும் வெளியிலேயே வைக்கப்பட்டவர் ஆகியோரை நம் சபைகளின் வரலாறு அறியும். ஹூஸ்டனில் ஆசிரியர் சட்டத்துக்குப் பணிந்து கதவைச் சற்றே திறந்து வைத்தார். அதுவே போதுமென்று கருதினார். திருச்சபையின் ஆண்டவர் அது போதுமென்று கருதவில்லை. அக்கதவருகே அமர்ந்திருந்தவரைக் கொண்டே அவர் ஒரு புதிய பணியைத் தொடங்கினார். இதை மறவாமல் நாம் நம் வகுப்பறைகளுக்குள் நுழைவோமாக.