மீன்கொத்தியும் பனிப்புள்ளும்

தெமோதரையின் தேயிலைச் சரிவுகளில் நடப்போர், ஓடைக்கு மேலோடும் கம்பியில் அசைவற்றிருக்கும் நீலப்பறவையைக் காண்பர். தோட்டத்துச் சிறுவரும் அதனை மீன்கொத்தி எனத் தயங்காது கூறுவர். மீன், கொத்து, இ என்னும் உறுப்புக்களாலாகிய இப்பெயர், மீனைக் கொத்துவது எனத் தன் பொருளைத் தானே உரைக்கின்றது. எனினும், வெண்மார்பு மீன்கொத்தி நீர்நிலைக்கு நெடுந்தொலைவிலும் வாழ்ந்து, வெட்டுக்கிளி, ஓணான் முதலியவற்றையும் உண்ணும். ஆகவே, பெயரானது பறவையின் இயல்பு முழுவதையும் கூறுவதன்று. பெயரிட்டோர் எதனைக் கண்டு வியந்தனர் என்பதையே கூறுவதாம்.

சங்கப் புலவர் இப்பறவையைச் சிரல் என்றனர். நத்தத்தனார் சிறுபாணாற்றுப்படையில் அதனை மணிச்சிரல் எனத் தொகைச்சொல்லாக்கினார். நீலமணி போலும் நிறமே ஈண்டு அவர் கண்ணைக் கவர்ந்தது. பிற்காலத்தார் தொழிலை நோக்கினர். மீன்கொத்தி என்னும் பெயர் வழக்கில் நிலைத்தது.

ஜெர்மானியர் இவ்வினத்துப் பறவையை ‘ஐஸ்ஃபோகல்’ என்பர். இன்றைய வழக்கில் இதன் பொருள் பனிக்கட்டிப் பறவை என்பதே. குளிர்காலத்தில் உறையாத நீரை நாடி வருதலின் இப்பெயர் பெற்றது என்பர் ஒரு சாரார். மாரியின் நடுவே இது குஞ்சு பொரிக்கும் எனக் கிரேக்கர் கூறிய கதையே காரணம் என்பர் மற்றொரு சாரார். ஆயின், உண்மையில் அது வேனிலை ஒட்டியே ஆற்றங்கரை வளைகளில் முட்டையிடும். பழைய உயர் ஜெர்மன் மொழியிலோ, பனிக்கட்டியைக் குறிக்கும் ‘ஈஸ்’ என்பதனோடு கூடிய வடிவமும், இரும்பைக் குறிக்கும் ‘ஈசர்ன்’ என்பதனோடு கூடிய வடிவமும் உள. இரும்பே மூலமாயின், இறகின் நீல ஒளியே பெயர்க்குக் காரணமாகும். நம் புலவர் மணியைக் கண்டவிடத்து அவர்கள் இரும்பைக் கண்டனர் எனலாம். முதற்சொல் தேய்ந்து பொருள் மறைந்தபின், மக்கள் தமக்குத் தெரிந்த சொல்லை அதனுள் நுழைத்து, அதற்கேற்பக் கதையும் புனைவது மொழிகட்கெல்லாம் இயல்பு.

இதனால் நாம் பெறும் பாடம் யாது? பழைய வடிவத்தையும் வழங்கும் இடத்தையும் ஆராயாது, ஓசை ஒப்புமை ஒன்றையே பற்றி வேர்காண முற்படுதல் பிழையாகும். 19ஆம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்கட்கும், பின்னர்த் தேயிலைத் தோட்டங்கட்கும் வந்த மக்கள், தமிழகத்துப் பல பகுதிகளின் சொற்களை ஊவா மலைகளுக்குக் கொணர்ந்தனர். முதியோர் நாவில் வழங்கும் பறவைப் பெயர்களை, இடமும் பறவையும் குறித்து மாணவர் இன்றே எழுதிவைப்பாராயின், நாளை வேர்தேடுவோர் கதையை நாட வேண்டுவதில்லை.