படக்கருவியின் சாட்சியம்

அண்மையில் குரோம்பேட்டையில் ஒரு நிக்காஹ் மஜ்லிஸில் நாம் அமர்ந்திருந்தோம். துஆவுக்காக உயர்ந்த கைகளின்மீது வீடியோக்காரரின் விளக்கொளி விழுந்தது. உடனே தொப்பிகள் சீர்பெற்றன. மெல்லென ஒலித்த 'ஆமீன்' உரத்தது. ஒளி அகன்றதும் யாவும் பழையபடி தணிந்தன. அந்தப் படத்தைப் பின்னாளில் காண்போர் அதனைப் பொய்யெனத் தள்ளவும் இயலாது. முழு மெய்யெனக் கொள்ளவும் இயலாது.

இச்சிக்கலை வெளிப்படையாக ஒப்புக்கொண்டவர் பிரெஞ்சு இயக்குநர் லூயி மால். 1968இல் ஒளிப்பதிவாளர் ஒருவர், ஒலிப்பதிவாளர் ஒருவர் என இருவரை மட்டும் அழைத்துக்கொண்டு அவர் இந்தியாவைச் சுற்றினார். முன்னெழுதிய கதையோ திட்டமோ இல்லை. கண்டதைப் பதிவதே நோக்கம். ஆனால் மக்களோ கருவியையே உற்று நோக்கினர். பாராதீர் எனக் கேட்டுக்கொண்டால், பாராதிருப்பதே ஒரு நடிப்பாகிவிடும் அன்றோ? அப்பார்வைகளை அவர் வெட்டி எறியவில்லை. தொடரின் ஏழு பகுதிகளில் முதலாவதற்கு 'இயலாத படக்கருவி' எனப் பொருள்படும் பெயரையே சூட்டினார். செய்தியை ஆராயுமுன் அறிவிப்பாளர் யாரென வினவுவது ஹதீஸ் கலையின் மரபு. மால் தம்மைத் தாமே அவ்விசாரணைக்கு முன்னிறுத்திக்கொண்டார் என்றே நாம் கருதுகிறோம்.

இரண்டாம் பகுதி நம் சென்னையைப் பற்றியது. மயிலைத் தேரோட்டம், 'தில்லானா மோகனாம்பாள்' படப்பிடிப்பு, திருவான்மியூர்க் கலாக்ஷேத்திரத்தின் நடன வகுப்பு ஆகியவை அதில் உண்டு. வியப்பென்னவெனில், ஆடலும் நடிப்புமே தொழிலான இடங்களில்தான் கருவிக்கு இடர்ப்பாடு குறைவு. அடவு பழகும் மாணவியருக்குப் பாதமும் தாளமும் பொருந்தவேண்டும். வேற்றாள் வந்து நிற்பதைக் கவனிக்க அவர்களுக்கு ஏது பொழுது?

1970இல் பி.பி.சி. இத்தொடரை ஒளிபரப்பியபோது, நாட்டை ஒருதலையாகக் காட்டியதென இந்திய அரசு சினந்தது. டில்லியிலிருந்த பி.பி.சி. அலுவலகம் சில காலம் மூடப்பட்டது. அரசின் செயல் மிகையே. எனினும் அக்குறையை முற்றும் ஒதுக்கவும் நம்மால் இயலவில்லை. சுமார் 30 மணி நேரப் பதிவிலிருந்து 6 மணி நேரத்தை மட்டும் தெரிந்தெடுத்த கை ஒன்று உண்டு. பார்த்தவர்களின் பார்வையை மறைக்காத அக்கை, மற்றெதனை விலக்கிற்று என்பதைப் படம் சொல்லாது.

குரோம்பேட்டை வீடியோக்காரரைப் பின்னர் தாம்பரம் நிலையத்தில் கண்டோம். விளக்கு அகன்றபின் எடுத்த பகுதி உள்ளதா என வினவினோம்.

"இருட்டா இருந்துச்சு ஹஜ்ரத், வெட்டிட்டோம்" என்றார்.