ஒரே ஒயின், கிளைக்கொரு விலை: பெங்களூருவில் வாங்குவோர் அறிய வேண்டியவை

பெங்களூரு: ஒரே நிறுவனத்தின் இரு கிளைகள் ஒரே ஒயினுக்கு இணையத்தில் வெவ்வேறு விலை காட்டினால், அது மட்டுமே விதிமீறல் ஆகிவிடாது. பாட்டிலில் அச்சிடப்பட்ட அதிகபட்ச சில்லறை விலையைத் தாண்டிப் பணம் பெறுவதே விதிமீறலாகும்.

கர்நாடகத்தில் மதுபானங்களின் மொத்த விநியோகத்தை, 2003-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட அரசு நிறுவனமான கர்நாடக மாநில பானங்கள் கழகம் கவனித்து வருகிறது. எனவே, கிளைகளுக்கு இடையிலான வேறுபாடு பெரும்பாலும் கடைக்காரர் தமது லாபத்திலிருந்து அளிக்கும் தள்ளுபடியைப் பொறுத்தது. பழைய விலை அச்சிடப்பட்ட இருப்பு ஒரு கிளையில் மீதமிருப்பதும் காரணமாகலாம்.

சட்டமுறை எடையளவு தொடர்பான 2011-ஆம் ஆண்டு விதிகளின்படி, அதிகபட்ச சில்லறை விலை அனைத்து வரிகளையும் உள்ளடக்கியது. உதாரணமாக, அச்சிட்ட விலை ரூ.1,000 எனில், ஒரு கிளை ரூ.940-க்கும் மற்றொன்று ரூ.1,000-க்கும் விற்கலாம், ரூ.1,020 கேட்க இயலாது. இணைய வணிகத் தளங்களும் இவ்விலையைக் குறிப்பிடுவது 2018 ஜனவரி 1 முதல் கட்டாயமாக்கப்பட்டது.

விலைகளை ஒப்பிடும்போது 750 மி.லி., 375 மி.லி. என்ற அளவையும், திராட்சை அறுவடை ஆண்டையும் சரிபார்ப்பது அவசியம். மது ஜிஎஸ்டி வரம்புக்கு வெளியே இருப்பதாலும், மாநிலங்களே வரி விதிப்பதாலும், பிற மாநில விலையுடன் ஒப்பிடுவது பொருந்தாது.

இதனிடையே, கொரோனா காலத்தில் மதுவை வீடுகளுக்கு விநியோகிப்பது குறித்து மாநிலங்கள் பரிசீலிக்கலாம் என 2020 மே 8-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் தெரிவித்தது. மேற்கு வங்கம், ஒடிசா உள்ளிட்ட மாநிலங்கள் அதற்கு அனுமதி அளித்தன. ஆனால், கர்நாடக கலால் சட்ட விதிகள் இணையவழி மது விற்பனைக்கும் வீட்டு விநியோகத்துக்கும் இடமளிக்கவில்லை என அம்மாநில உயர் நீதிமன்றம் 2020 டிசம்பரில் தீர்ப்பளித்தது.

வீட்டுக்கே மது அனுப்புவதாகக் கூறி, முன்பணம் பெற்று ஏமாற்றும் மோசடிகள் பெங்களூருவிலும் பதிவாகியுள்ளன. ஆகவே, குறைந்த விலையைக் காட்டி முன்கூட்டியே பணம் கேட்கும் எண்களை நம்பாமல், உரிமம் பெற்ற கடையில் நேரில் வாங்கி ரசீது பெறுவதே பாதுகாப்பானது. அச்சிட்ட விலைக்கு மேல் வசூலித்தால், ரசீதுடன் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் அளிக்கலாம் என்பது குறிப்பிடத்தக்கது.