அவரை பூக்கும் காலம்

குறுந்தொகையின் 82ஆம் பாடலைப் பல ஆண்டுகளாக வகுப்பில் நடத்தி வருகிறேன். தினை அரிந்த தாளில் அவரைக்கொடி பூக்கின்ற முன்பனிக்காலம் வந்தும் தலைவன் வரவில்லையே என்று தலைவி வருந்தும் பாட்டு. திணை, துறை, கூற்று எல்லாம் கரும்பலகையில் எழுதிப் போடுவேன். அவரை ஏன் முன்பனியில் பூக்கிறது என்று நானும் எண்ணியதில்லை, மாணவர்களும் கேட்டதில்லை. அதற்கு விடை கிடைத்த இடம் நங்கநல்லூரில் எங்கள் குடியிருப்பின் மொட்டைமாடி.

2013-14இல் தமிழக அரசின் தோட்டக்கலைத் துறை, சென்னையிலும் கோவையிலும் மாடித்தோட்டப் பொருள்களை மானிய விலையில் கொடுக்கத் தொடங்கியது. தென்னைநார்க் கழிவு நிரப்பிய பைகளும் விதைகளும் கிடைத்தன. எங்கள் குடியிருப்பில் ஆறு வீட்டார் ஆளுக்கொன்றாக வாங்கி, மாடியைப் பொதுத் தோட்டமாக்கினோம்.

நகரத்தாரைக் காய்கறி பயிரிடச் சொல்வது புதிய செய்தியன்று. 1835இல் சென்னையில் தோன்றிய வேளாண் தோட்டக்கலைச் சங்கத்தில், தாவரவியலாளர் ராபர்ட் வைட் முன்னின்று உழைத்தார். (அச்சங்கத்தின் வசமிருந்த நிலத்தில்தான் பின்னாளில் உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் நடந்தது. 2010 முதல் அங்கே செம்மொழிப் பூங்கா. அங்கே காப்பி குடித்த நம்மில் எத்தனை பேருக்கு இது தெரியும்?) 1942இல் பர்மா ஜப்பானியர் கைக்குப் போய் அரிசி வரத்து நின்றபோது, 'அதிக உணவு விளைவிப்போம்' என்று ஆங்கில அரசு இயக்கம் நடத்தியது. 1965இல் உணவுத் தட்டுப்பாட்டின்போது லால் பகதூர் சாஸ்திரி, வாரம் ஒருவேளை உணவைத் துறக்கச் சொன்னதோடு தம் வீட்டுப் புல்வெளியையும் உழுது பயிரிட்டார். ஒவ்வொரு முறையும் மேலிருந்து விதை வந்திருக்கிறது, அறிக்கை வந்திருக்கிறது. செடி வாடி நிற்கும்போது யாரைக் கேட்பது என்பதற்கு அறிக்கையில் வழியில்லை.

எங்களுக்கு வாய்த்தவர் எதிர்வீட்டுப் பெரியவர். செய்யாறு பக்கத்துக்காரர், ஓய்வுபெற்ற அஞ்சல் ஊழியர். தம் ஊரிலிருந்து கொண்டுவந்த கொடி அவரை விதையை எங்களுக்கும் கொடுத்திருந்தார். நான் ஆர்வக்கோளாறில் சித்திரையிலேயே ஊன்றிவிட்டேன். கொடி பந்தலை மூடி, கைப்பிடிச் சுவரையும் தாண்டிவிட்டது. ஆவணி கழிந்தும் ஒரு பூ இல்லை. பிடுங்கிவிடலாம் என்று கைவைத்தபோது அவர் தடுத்தார்.

"பிடுங்காதீங்க தம்பி. சித்திரையில போட்டாலும் ஆடியில போட்டாலும் அது பனி விழுந்தாத்தான் பூக்கும். அதுக்குப் பகல் குறுகணும்."

சென்னையில் ஜூன் மாதப் பகலுக்கும் டிசம்பர் மாதப் பகலுக்கும் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் வேறுபாடு. பழைய கொடி அவரை அந்த வேறுபாட்டை அறிந்து, பகல் குறைந்த பிறகே பூக்கும். இக்குணத்தை 1920இல் அமெரிக்காவில் கார்னர், அல்லார்ட் என்னும் இருவர் புகையிலை, சோயா முதலியவற்றை ஆராய்ந்து அறிவியலாக நிறுவினர். கோவை வேளாண் பல்கலைக்கழகம் வெளியிட்ட செடி அவரை ரகங்களுக்கு இக்கட்டுப்பாடு இல்லை. ஆண்டு முழுவதும் காய்க்கும். பெரியவர் கார்னரைப் படித்தவரல்லர், குறுந்தொகையையும் படித்தவரல்லர். மார்கழி முதல் வாரம் எங்கள் பந்தல் ஊதா நிறமாயிற்று. அன்று மாடியில் நின்றபடி நான் பட்ட வெட்கம் கொஞ்சமன்று. முதுகலைப் பட்டம் பெற்றவன், பாட்டிலிருந்த பூவை அத்தனை நாள் அணி என்றே எண்ணியிருந்தேன். அது கார்த்திகைக்குப் பிந்திய ஒரு தேதி. தலைவி நாள் எண்ணியிருக்கிறாள்.

அதன்பின் மாடியில் நாங்கள் கூடுவது காய்க்காக மட்டும் என்றில்லை. புடலம்பிஞ்சின் நுனியில் சிறு கல் கட்டினால் வளையாமல் நீளும் என்பதை இரண்டாம் மாடி மாமி சொன்னார். பூசணியின் ஆண்பூவைக் கிள்ளிப் பெண்பூவில் தடவ எங்கள் தெருமுனையில் இஸ்திரி போடும் அம்மாள் கற்றுக்கொடுத்தார். இரண்டாண்டுகள் அவரிடம் துணி கொடுத்து வாங்கியிருக்கிறேன்; அவர் திண்டிவனத்துப் பக்கம் உழவர் வீட்டுப் பெண் என்பது பூசணிப்பூவால்தான் தெரிந்தது.

மாசியில் முற்றிய அவரை நெற்றுகளை உரித்து, சாம்பலில் புரட்டிப் புட்டியில் அடைத்தோம். விதை முழுவதையும் ஒரே பருவத்தில் போட்டுவிடக் கூடாது, ஒரு கைப்பிடியாவது வைத்திருக்க வேண்டும் என்று பெரியவர் எச்சரித்தார். நான் கேட்கவில்லை. 2015 ஆடியில் இருந்ததையெல்லாம் ஊன்றினேன். அந்த ஆண்டு நவம்பர், டிசம்பர் மழையைச் சென்னைவாசிகளுக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. வேர் அழுகிப் பைக்குப் பை கொடிகள் சாய்ந்தன. பெரியவரின் தொட்டிகளும் தப்பவில்லை. அவருடைய ஊர் நிலம் அதற்குள் விற்றாகிவிட்டது. அங்கிருந்து இனி விதை வராது.

தை பிறந்ததும், இஸ்திரி போடும் அம்மாள் மடித்த சட்டைகளின் மேல் ஒரு காகிதப் பொட்டலத்தை வைத்துக் கொடுத்தார். பெரியவர் முந்தைய ஆண்டு அவருக்குக் கொடுத்ததில் அவர் போடாமல் வைத்திருந்த பாதி. இருபத்தேழு விதைகள். பெரியவர் எண்ணிப் பார்த்து, பன்னிரண்டை அவரிடமே திருப்பிக் கொடுத்துவரச் சொன்னார்.