புல்லட்டின் பின்புற சஸ்பென்ஷன்

பின்சக்கரத்தின் துள்ளலை அடக்கி, வண்டியை ஓட்டுநரின் பிடிக்குள் வைக்கும் அமைப்பே பின்புற சஸ்பென்ஷன் ஆகும். முற்காலத்தில் பெரும்பாலான மோட்டார் சைக்கிள்களின் பின்சக்கரம் சட்டத்தோடு அசையாமல் பிணைக்கப்பட்டிருந்தது. குழியில் விழுந்தால் இருக்கையின் சுருள்வில் மட்டுமே ஓட்டுநரைக் காத்தது. சக்கரம் தரையை விட்டு எழும்பியது. தரையைத் தொடாத சக்கரத்துக்குப் பிடிப்பும் இல்லை, பிரேக்கும் இல்லை.

1948இல் ராயல் என்ஃபீல்டு நிறுவனம் ஸ்விங் ஆர்மும் எண்ணெய் ஷாக் அப்சார்பரும் பொருத்திய புல்லட்டை இங்கிலாந்துப் போட்டிகளில் இறக்கியது. அதே ஆண்டு இத்தாலியின் சான் ரெமோவில் நடந்த பன்னாட்டு ஆறு நாள் போட்டியில் அவ்வண்டி தங்கப் பதக்கங்கள் பெற்றது. 1955இல் சென்னையில் என்ஃபீல்டு இந்தியா தொடங்கப்பட்டது. திருவொற்றியூரில் புல்லட் உருவானது.

இதில் சுருள்வில் எடையைத் தாங்குகிறது. எண்ணெய் துள்ளலை அடக்குகிறது. பின்னால் ஒருவர் அமர்ந்தால் பின்பகுதி தாழ்ந்து, முன்சக்கரத்தின் பாரம் குறையும். பாபநாசம்–காரையாறு போன்ற மலைச்சாலையின் வளைவில் அப்போது வண்டி வெளிப்பக்கம் ஒதுங்கப் பார்க்கும். பிற்கால வண்டிகளில் ஷாக் அப்சார்பரின் வளையத்தைத் திருகி, இரு பக்கமும் ஒரே அளவில் வில்லை இறுக்கலாம். செலவில்லாத இச்சிறு திருத்தம் உயிர் காக்கும்.