காசநோயும் சேத்துப்பட்டு ஆய்வும்



எலும்புருக்கி, சயரோகம், காசநோய் என்று நம்மவர் பல பெயரிட்டு அழைப்பது ஒரே நோயைத்தான். அதற்குக் காரணமான கிருமியை 1882-ஆம் ஆண்டில் ஜெர்மன் மருத்துவர் ராபர்ட் காக் கண்டறிந்தார். ஆயினும் அக்கிருமியைக் கொல்லும் மருந்து கிடைக்க மேலும் அறுபது ஆண்டுகள் ஆயின. அதுவரை நல்ல காற்றும் நல்ல உணவும் ஓய்வுமே மருந்து எனக் கருதி, சானடோரியங்களைக் கட்டினார்கள். சென்னையை அடுத்த தாம்பரத்தில் டாக்டர் சௌரிமுத்து 1928-இல் தொடங்கியதும் அத்தகையதே. குளிர்ந்த மலைக்காற்று மட்டும் போதுமென்றால், நமது பிரிஞ்சாங் தோட்டங்களில் இருமலே இருந்திருக்காது!

மருந்துகள் வந்தபின் வேறொரு கேள்வி எழுந்தது. இந்தியாவில் நோயாளிகளோ இலட்சக்கணக்கில். மருத்துவமனைப் படுக்கைகளோ மிகச் சில. ஏழை நோயாளிக்கு அவன் குடிசையிலேயே மருந்து கொடுத்தால் குணமாகுமா? வீட்டிலுள்ள பிள்ளைகளின் கதி என்ன?

விடை காண 1956-இல் சென்னை சேத்துப்பட்டில் ஓர் ஆய்வு நிலையம் தொடங்கப்பட்டது. இந்திய அரசும் சென்னை அரசும் உலக சுகாதார நிறுவனமும் பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் அதில் கைகோத்தன. டாக்டர் வாலஸ் பாக்ஸ் வழிநடத்தினார். 193 நோயாளிகளை, சீட்டுக் குலுக்குவது போல, இரு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவினர் சானடோரியத்தில். மற்றவர்கள் தத்தம் வீட்டில். இருவர்க்கும் ஒரே மருந்து, ஓராண்டுக் காலம். வீட்டிலிருந்தோர்க்குச் சத்துணவு குறைவு, ஓய்வு குறைவு, இடமும் நெருக்கடி. நம் பழைய லயத்து வீடுகளை நினைத்துக்கொள்ளுங்கள்.

1959-இல் முடிவு வெளியாயிற்று. நோய் அடங்கியவர்கள் சானடோரியத்தில் நூற்றுக்கு 92 பேர். வீட்டில் 86 பேர். வேறுபாடு அவ்வளவே! ஐந்தாண்டு தொடர்ந்து கவனித்தபோதும், வீட்டில் சிகிச்சை பெற்றோரின் குடும்பத்தார்க்கு அதனால் நோய் கூடுதலாகத் தொற்றவில்லை. மருந்து முறையாக உட்செல்லத் தொடங்கினால் தொற்றும் தன்மை விரைவில் குறைந்துவிடுகிறது. தாயைப் பிள்ளையிடமிருந்து மாதக்கணக்கில் பிரித்து வைத்த வழக்கத்துக்கு அன்றே ஆதாரம் போயிற்று என்பது நமது கருத்து.

ஆனால் ஒரு சங்கடம் தெரிந்தது. உடம்பு தேறியதும் சிலர் மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். திடீரென்று வீட்டுக்குச் சென்று மாத்திரைகளை எண்ணினார்கள், சிறுநீரையும் சோதித்தார்கள். பிறகு வாரம் இரு முறை நோயாளியை நிலையத்துக்கே வரவழைத்து, கண்ணெதிரே மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். அதுவும் நல்ல பலன் தந்தது. கண்காணித்து மருந்து கொடுக்கும் முறை பின்னாளில் உலகமெங்கும் பரவியது.

மலாயாவில் தேசியக் காசநோய்த் தடுப்புத் திட்டம் 1961-இல் தொடங்கிற்று. இன்று அரசாங்கக் கிளினிக்கில் கண்ணெதிரே மாத்திரை விழுங்கச் சொல்வது நம்மீது சந்தேகத்தால் அன்று. சில வாரங்களில் இருமல் நின்றாலும் கிருமி உள்ளே பதுங்கியிருக்கும். பாதியில் நிறுத்தினால் மருந்துக்கே அடங்காத கிருமியாக அது மாறக்கூடும். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் சளியைச் சோதிக்கச் சொல்வதும் இதனால்தான். அன்று ஓராண்டு உண்ட மருந்து, ரிபாம்பிசின் வந்தபின் பெரும்பாலோர்க்கு ஆறு மாதமாகச் சுருங்கிவிட்டது: முதல் இரண்டு மாதம் நான்கு மருந்துகள், அடுத்த நான்கு மாதம் இரண்டு.